அன்று பிற்பகல் நான் சொன்ன பதில்

அந்த அம்மாள் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: “என் கணவர் நாளைக்கு வேலைக்குப் போகலாமா?” பின்னால் சலவை இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. “போக வேண்டாம்” என்றேன்.

குடியேற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரின் உதவியாளரான நான் சொல்லக்கூடாத பதில் அது. உரிமம் இல்லாதவர் சட்ட ஆலோசனை சொல்ல டெக்சாஸில் அனுமதி இல்லை. கேள்வியைக் குறித்துக்கொண்டு, “வழக்கறிஞர் உங்களை அழைப்பார்” என்று சொல்லி வைத்துவிட வேண்டும். வழக்கறிஞரோ வேறொரு விசாரணையில் இருந்தார். அவரது கைப்பேசி அணைந்திருந்தது. கூரை வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டி விடியற்காலையில் வந்துவிடும்.

அது 2024 மார்ச் 19. அனுமதியின்றி எல்லை தாண்டி வருவதை மாநிலக் குற்றமாக்கும் டெக்சாஸின் எஸ்.பி. 4 சட்டத்துக்கு இருந்த தடை நீடிக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்றுதான் சொல்லியிருந்தது. அந்தத் தடையை முந்தைய மாதக் கடைசியில் ஆஸ்டினில் நீதிபதி டேவிட் எஸ்ரா விதித்திருந்தார். குடியேற்றம் மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் அதில் தனியாகக் குற்றம் உண்டாக்க முடியாது என்று 2012-இல் அரிசோனா வழக்கில் வந்த தீர்ப்பை நம்பியே நாங்கள் எல்லோருக்கும் தைரியம் சொல்லி வந்தோம்.

அன்று அழைத்தவர்களில் பலர் வீணாகப் பயந்தார்கள். நுழைவுக் குற்றம் என்பது, வெளிநாட்டிலிருந்து நேராக, அனுமதிக்கப்பட்ட எல்லை வாயிலைத் தவிர்த்து டெக்சாஸுக்குள் வந்தவர்களுக்கானது. விசாவோடு விமானத்தில் வந்திறங்கி, காலம் முடிந்தும் தங்கிவிட்டவர்களை அது தொடாது. ஆனால் இந்த மனிதரின் கோப்பு வேறு மாதிரி. ஒருமுறை நாடு கடத்தப்பட்டு மறுபடி வந்தவர். அப்படிப்பட்டவர் எப்போதாவது மாநிலத்துக்குள் காணப்பட்டாலே குற்றம் என்கிறது இன்னொரு பிரிவு. பள்ளி, வழிபாட்டுத் தலம், மருத்துவமனை ஆகிய இடங்களில் இந்தச் சட்டத்தின் கீழ் கைது செய்யக்கூடாது. வேலைக்குப் போகும் வண்டிக்கு அந்த விலக்கு இல்லை. மெக்சிகோ வழியாக வந்தவரை அங்கேயே திரும்பச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். மீறினால் 2 முதல் 20 ஆண்டுகள் சிறை. அவர் ஹோண்டுராஸ்காரர். டெக்சாஸ் அனுப்பும் எவரையும் ஏற்க மாட்டோம் என்று மெக்சிகோ அன்றே அறிவித்துவிட்டது. பிறகு எங்கே போவார்?

இவ்வளவும் தெரிந்திருந்தும், எதுவும் தெரியாதவள்போல் “வழக்கறிஞர் அழைப்பார்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவே மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தை மறுபடி நிறுத்திவைத்தது. விடிந்தபோது அந்தச் சட்டம் நடைமுறையில் இல்லை. அவர் வீட்டில் இருந்தார். ஒப்பந்தக்காரர் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

பிற்பகலில் நான் சொன்னது சரி என்று இன்றும் வாதாடுவேன். சில மணி நேரமே உயிரோடு இருந்தாலும் சட்டம் சட்டம்தான். அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் அவர் இழந்திருக்கக்கூடியது ஒரு வேலையோடு நின்றிருக்காது. ஆனால் வாடகை கட்ட வேண்டியவர்கள் அவர்கள். அந்த ஆபத்தை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்களே. நிலைமையை விளக்கிவிட்டு நிறுத்தியிருக்கலாமே என்று சில நாள் தோன்றும். சலவைக் கடையில் நின்றுகொண்டு போகலாமா வேண்டாமா என்று கேட்பவரிடம் பிரிவுகளை அடுக்கினால் அது விளக்கமாகுமா என்று மறுநாள் தோன்றும்.

வேலை போன செய்தியைச் சொல்ல அந்த அம்மாள் மறுபடி அழைத்தார். கோபம் இல்லை. “மிஸ், இனிமேல் எந்த வேலை வந்தாலும் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் அவரை அனுப்புவேன்” என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வழக்கறிஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் நீ சொல்லக்கூடாது” என்றார். இப்போது யார் கேட்டாலும், சட்டம் இன்று எந்த நீதிமன்றத்தில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லி அவரிடம் இணைக்கிறேன். அவர் அலுவலகத்தில் இல்லாத நாட்களில் அதோடு நிறுத்திக்கொள்ள எப்போதும் என்னால் முடிவதில்லை.