சக ஆதரவாளர் பயிற்சி மதிப்பீடு: எங்கே புள்ளி போகிறது

மனநோயைத் தானும் அனுபவித்து மீண்டுவரும் ஒருவர், அதே பாதையில் நிற்கும் இளையவருக்குத் துணையாகப் போவதுதான் சக ஆதரவுப் பணி. இதற்கான பயிற்சிகளின் முடிவில் பொதுவாக எழுத்து, ரோல் பிளே (ஒரு சந்திப்பை நடித்துக் காட்டுவது), நேர்முகம் என்று மூன்று விதமாகச் சோதிப்பார்கள். எழுத்துக்கு எல்லோரும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். கோட்டை விடுவது ரோல் பிளேயில்.

அதனால் எழுத்தைப் பற்றிச் சுருக்கமாக. நோய்க்குறி அடியோடு இல்லாமற் போவதுதான் மீட்சி என்று எழுதினால் அந்தக் கேள்வி போச்சு. காதில் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேலைக்குப் போய்வருகிறவரும் மீட்சியில்தான் இருக்கிறார். மனிதத் தொடர்பு, நம்பிக்கை, அடையாளம், வாழ்வுக்கு ஓர் அர்த்தம், தன் முடிவு தன் கையில் என்ற ஐந்தும் மீட்சியின் கூறுகளாக 2011இல் வெளியான ஆய்வொன்று தொகுத்தவை. இவற்றைப் பாடமாக்கினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றுக்கும் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் வைத்திருங்கள். உயர்தரம் எழுதாமல் நின்ற பெடியனை வீட்டில் 'வருத்தக்காரன்' என்கிறார்கள். வலை பொத்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பது கரைவலைக்காரருக்குத் தெரியும். அடையாளம் என்ற தலைப்புக்கு இது ஒன்றே போதும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பயிற்சி ஏடுகளில் தனியாளுக்கான சக ஆதரவுக்கு ஒன்றும் குழுவுக்கு ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் இலவசம். தனியாள் ஏட்டை முதலில் படியுங்கள்.

ரோல் பிளேக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தருவார்கள். எதிரில் இருப்பவர் இப்படித் தொடங்குவார்: "குளிசை போட்டா நாள் முழுக்க நித்திரைதான் அண்ணா. ரெண்டு கிழமையா விட்டுட்டன். அம்மாட்ட சொல்லிராதீங்க." இந்த ஒரு பேச்சில் மூன்று பொறி இருக்கிறது.

முதலாவது, புத்தி சொல்லும் ஆசை. "குளிசையை விடக்கூடாது தம்பி" என்று வாயெடுத்தால் அவர் அதோடு மூடிக்கொள்வார். "நித்திரை எப்ப வருது? காலமையா, போட்ட உடனேயா?" என்று கேளுங்கள். நேரத்தை ஒரு துண்டில் எழுதி கிளினிக்குக்குக் கொண்டுபோனால் மருத்துவர் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்கலாம். கூட வரட்டுமா என்றும் கேட்கலாம். இரண்டாவது, "நானும் ஒருக்கா விட்டனான், ஒண்டும் ஆகேல்ல" என்ற ஆறுதல். இதைச் சொன்னவரைப் பரீட்சையில் தேறவைப்பது கடினம். குளோசபின் என்ற மனநோய் மருந்தை 48 மணித்தியாலத்துக்கு மேல் தவறவிட்டவர் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக்கூடாது, குறைந்த அளவிலிருந்து ஏற்றவேண்டும், அதையும் மருத்துவர்தான் செய்யவேண்டும். எந்த மருந்து என்று தெரியாமல் விடச் சொல்வதும் ஆபத்து, 'இண்டைக்கே போடு' என்பதும் ஆபத்து. இன்றைக்கே கிளினிக்கோடு பேசவைப்பதுதான் உங்கள் வேலை.

மூன்றாவது, இரகசியம். "சொல்ல மாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு யாரோ தீங்கு செய்கிறார் என்றால், மேற்பார்வையாளரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்பதை முதற் சந்திப்பிலேயே சொல்லியிருக்கவேண்டும். அதை நடுவில் சொன்னால் காட்டிக்கொடுத்ததாகவே படும். பரீட்சையிலும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் இதைச் சொல்லிவிடுங்கள். குளிசை விட்ட விஷயத்தில் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதை அவரோடு சேர்ந்தே முடிவெடுக்கலாம்.

திருகோணமலை மாதிரியான இடத்தில் இரகசியம் வெறும் பேச்சோடு முடியாது. டச்பே கடற்கரையில் பின்னேரம் இருவர் இருந்து கதைத்தால் நாலு உறவுக்காரராவது கண்டுவிடுவார்கள். மூதூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் கிளினிக் வாசலில் நிற்பதைக் கண்டாலே கதை வீட்டுக்கு முந்திப் போய்விடும். எங்கே சந்திப்பது, யாராவது வந்து "ஆர் இவர்?" என்றால் இருவரும் ஒரே மாதிரி என்ன சொல்வது, போனில் பெயரை எப்படிப் பதிவது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசிவையுங்கள். ரோல் பிளேயில் இதைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. கேட்டால் நடுவர் புள்ளி போடப் பேனாவை எடுப்பார்.

சொந்தக் கதை எப்போது, எவ்வளவு? அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மூன்று வசனம் போதும், உடனே பேச்சை அவரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும்: "எனக்கும் ஒரு காலம் வெளியில இறங்கவே பயமா இருந்தது. முதல்ல ஒழுங்கை முனை வரைக்கும்தான் போனன். உங்களுக்கு எது கிட்டத்தில இருக்கு?" வீட்டில் பயிலும்போது இதை எழுதி, மணிக்கூட்டை வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எதைச் சொல்லவே மாட்டேன் என்று இன்னொரு தாளில் எழுதுங்கள்: தன்னைக் காயப்படுத்திய விதம், குளிசை அளவு, வார்ட்டில் கூட இருந்தவர் பெயர். சொல்லி முடித்தபின் உங்களுக்கே குரல் நடுங்கினால் அந்தப் பகுதி இன்னும் ஆறவில்லை. அதை விடுங்கள்.

தற்கொலை எண்ணம் தெரிந்தால் சுற்றிவளைக்காதீர்கள். "சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களா?" என்றே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் எப்படி, எப்போது, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் வயல் வீடுகளில் பூச்சிமருந்துப் போத்தல் குசினி மூலையில் கிடப்பது சாதாரணம். அதை அன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றவைக்கவேண்டும். தனியே விட்டுவிட்டு எழும்பாதீர்கள், மேற்பார்வையாளருக்கு அவர் முன்னாலேயே அழையுங்கள். இலங்கையில் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அம்புலன்ஸ் 1990, சிறுவருக்கு 1929. தற்கொலை முயற்சி 1998இலிருந்து குற்றமல்ல. பொலிஸ் வரும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரியைத் தவிர்க்கும் குடும்பத்துக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

குடும்பத்தைப் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டினோம், கிண்ணியாவில் ஓதிப் பார்த்தோம் என்பார்கள். சிரிக்கவோ மறுக்கவோ வேண்டாம். அதுவும் நடக்கட்டும், கிளினிக் திகதியும் தவறவேண்டாம் என்பதே போதுமான விடை. மாரியில் கடல் கொந்தளித்துத் தொழில் படுத்திருக்கும்போது கிளினிக் தவறுவதற்குக் காரணம் பல நேரம் பஸ் காசுதான். அதை விருப்பமின்மை என்று குறிப்பில் எழுதிவிடாதீர்கள். காசு கடன் கொடுப்பதும் உங்கள் வேலையல்ல. பிரயாணச் செலவுக்கு வழி இருக்கிறதா என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

குறிப்பு எழுதும்போது கண்டதையும் நினைத்ததையும் கலக்காதீர்கள். 'சோர்வாக இருந்தார்' என்பது உங்கள் எண்ணம். 'தேத்தண்ணி ஆறும்வரை தொடவில்லை, பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகே நிமிர்ந்தார்' என்பது கண்டது. ஐந்தாறு வரி போதும். அந்த இளையவரே வாசித்தால் முகம் சுளிக்காதபடி எழுதுங்கள்.

நேர்முகத்தில் "உங்களுக்குத் திரும்பச் சுகமில்லாமல் போனால்?" என்று கேட்பார்கள். "இனி வராது" என்பது மிக மோசமான விடை. உங்கள் முன்னறிகுறிகள் மூன்று (நித்திரை குறைவது, போன் எடுக்காமல் விடுவது போன்றவை), அதை முதலில் கவனிக்கக்கூடிய ஆள், அந்த நாட்களில் உங்கள் இளையவர்களைப் பார்க்கப்போகும் மாற்று ஆதரவாளர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரவு எத்தனை மணிக்குப் பிறகு வாட்ஸ்அப் பார்க்கமாட்டீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகு அவசரம் என்றால் அவர்கள் யாரை அழைக்கவேண்டும் என்ற இலக்கம் பக்கத்தில் இருக்கவேண்டும்.