ஒப்-ஏ புரதத்தின் பள்ளம் காலியாகவே இல்லை

மூன்று வாரம் நேர்கோடு மட்டும்தான் வந்தது. பெப்டைடை (அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலி) சொட்டுச் சொட்டாகச் செலுத்தி, பிணையும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தை அளக்கும் கலோரிமீட்டரில், ஒப்-ஏ புரதமும் டிரைலைசினும் (மூன்று லைசின் சேர்ந்த பெப்டைடு) ஒன்றையொன்று பார்த்ததாகவே தெரியவில்லை. பெப்டைடைப் புதிதாகக் கரைத்தேன், செறிவை மறுபடி அளந்தேன், கால்சியத்தையும் அதைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ.வையும் வைத்துக் கருவியைச் சோதித்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது.

இந்தப் புரதத்தை நான் எடுத்ததே அதன் வேலை அவ்வளவு பிடித்துப்போனதால்தான். ஈ.கோலை, சால்மோனெல்லா மாதிரி பாக்டீரியாக்களில் வெளிச் சவ்வுக்கும் உள் சவ்வுக்கும் நடுவே இருக்கும் பெரிப்பிளாசத்தில் இது மிதக்கிறது. வெளிச் சவ்விலுள்ள போரின் (porin) என்ற புரதத் துளைகள் வழியாக உள்ளே வரும் பெப்டைடை, இரண்டு முதல் ஐந்து அமினோ அமிலம் வரை, வரிசை எதுவானாலும் பிடித்துக்கொள்ளும். சாதாரணமாகப் புரதங்கள் இதற்கு நேர்மாறாக, தனக்கென்று ஒரு மூலக்கூறைத் தேடுபவை. ஒப்-ஏ பெப்டைடின் முதுகெலும்பையும் இரு முனைகளையும்தான் இறுக்கிப் பிடிக்கிறது. பக்கச் சங்கிலிகளுக்கு நீர் நிறைந்த தாராளமான குழிகளை விட்டுவைக்கிறது, சங்கிலி பெரிதோ சிறிதோ அதற்கேற்ப நீர் மூலக்கூறுகள் இடம் மாறிக்கொள்ளும். 1994-இல் வெளிவந்த சால்மோனெல்லா ஒப்-ஏ படிக அமைப்பில் இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

சரி, கோளாறு எங்கே? வளர்ப்பு ஊடகத்தில். நான் செல்களை வளர்த்தது எல்.பி. ஊடகத்தில், அதிலுள்ள டிரிப்டோன் என்பதே பால் புரதமான கேசினைச் செரிக்கவைத்து எடுத்த பெப்டைடுக் கலவை. அந்தச் செல்களிலிருந்து ஆஸ்மோட்டிக் ஷாக் கொடுத்து (முதலில் சுக்ரோஸ், அப்புறம் சில்லிட்ட நீர்) எடுத்த புரதம், புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 59 கிலோடால்டன் பக்கத்தில் சுத்தமான ஒரே பட்டையாகத் தெரிந்தது, ஆனால் அதன் பள்ளத்தில் ஏற்கெனவே ஏதேதோ பெப்டைடுகள் உட்கார்ந்திருந்தன, அவ்வளவு சின்னவை ஜெல்லில் தெரியப்போவதில்லை. பள்ளத்தின் இருபுறமும் உள்ள இரண்டு மடல்களும் மூடிக்கொண்டால் பெப்டைடு முழுசாக உள்ளே புதைந்துவிடும். வெறும் பஃபரில் எத்தனை தடவை டயாலிசிஸ் (சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியேவிடும் சவ்வுப் பையில் வைத்துக் கழுவுவது) செய்தாலும் லேசில் வெளியே வராது.

செல்லுக்குள் இந்தப் பிடியைத் தளர்த்துவது உள் சவ்விலுள்ள பம்பு. ஒப்-பி, ஒப்-சி இரண்டும் வழியாக அமைய, ஒப்-டி, ஒப்-எஃப் இரண்டும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழிக்க, பெப்டைடு உள்ளே போகிறது. சோதனைக் குழாயில் அந்தப் பம்பு ஏது? அதனால் புரதத்தையே பிரிக்க வேண்டியிருந்தது. 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் மடிப்பைக் கலைத்து, அதே கரைசலில் டயாலிசிஸ் செய்து பெப்டைடுகளைக் கழுவிவிட்டு, அப்புறம் குவானிடினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மறுபடி மடியவிட்டேன். பயந்தபடியே கொஞ்சம் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்தது, அதைச் சுழற்றி நீக்கிவிட்டேன், மீதி தெளிவாக இருந்தது.

அன்று சாயங்காலம் முதல் சொட்டிலேயே கோடு விலகியது. இரண்டாவது, மூன்றாவது சொட்டிலும் அதே உயரம், பிறகு பள்ளங்கள் நிரம்ப நிரம்பச் சிறிதாகிக்கொண்டே போய்க் கடைசியில் அடங்கியது. மறுநாள் காலை நாலு அமினோ அமிலப் பெப்டைடை ஏற்றினேன்.