சோல்ஹெய்மாயோகுலில் ஒரு பகல்: திட்டக் குறிப்புகள்

மார்ச் 21

ஐஸ்லாந்துப் பயணம் உறுதியாகிவிட்டது. செப்டம்பர் நடுவில் ஒரு வாரம். அப்பா, தம்பி, நான். விமானம், கார், தங்குமிடம் எல்லாம் தம்பி தலையில். பனியாற்றின் மேல் நடக்கப்போகும் அந்த ஒரு நாள் மட்டும் என் பொறுப்பு. பொறுப்பு கைக்கு வந்த இன்று ஐநா அறிவித்த உலகப் பனியாறுகள் தினம். தற்செயல்தான், ஆனாலும் தம்பி இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்துவிட்டான்.

செப்டம்பர் ஏன் என்று அப்பா கேட்டார். டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் நாலைந்து மணி நேரம்தான். ஜூன், ஜூலையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, கூட்டத்துக்கும்தான். செப்டம்பர் நடுவில் பகல் சுமார் 13 மணி நேரம். இன்னொரு காரணமும் உண்டு. குளிர்காலத்தில் விழுந்த பனி அதற்குள் தாழ்வான பகுதிகளில் உருகி, கெட்டிப் பனிக்கட்டி வெளியே தெரியும். பிளவுகள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்து நடக்கலாம்.

ஏப்ரல் 6

எந்தப் பனியாறு? ஐஸ்லாந்தின் நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு பனிதான் என்பதால் தேர்வுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றவுடன் பட்டியல் சுருங்கிவிட்டது.

ஸ்காஃப்தாஃபெல் பகுதி அழகு என்கிறார்கள். வட்னாயோகுல் என்ற மாபெரும் பனிக்கவிகையிலிருந்து (மலைகளை மூடிக் கிடக்கும் பனிப்போர்வை) நாக்கு நாக்காகப் பனியாறுகள் இறங்கும் இடம். ரெய்க்யாவிக்கிலிருந்து சுமார் 325 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்கு மேல். போக வர எட்டு மணி நேரம் காரில் உட்கார்ந்துவிட்டு நடுவில் பனியில் நடப்பதா? அங்கேயே இரவு தங்கினால் சரி. நமக்கு அது ஒத்துவராது. அங்கிருக்கும் ஸ்வீனாஃபெல்ஸ்யோகுல் என்ற பனியாற்றை வேறு, மேலே மலைச்சரிவு பிளந்து நிற்பதால், 2018 முதல் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

மிஞ்சுவது சோல்ஹெய்மாயோகுல். ரெய்க்யாவிக்கிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். 1ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து 221ஆம் எண் சாலையில் திரும்பினால் சில நிமிடங்களில் வாகன நிறுத்தம். சாதாரணக் கார் போதும். மிர்டால்ஸ்யோகுல் பனிக்கவிகையிலிருந்து இறங்கும் நாக்கு இது. அந்தக் கவிகைக்கு அடியில் கட்லா எரிமலை. கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918இல்.

"அடியில் எரிமலையா? இதை உங்க அம்மாகிட்ட சொல்லலையே?" என்றார் அப்பா. சொல்லவில்லை. அவரும் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல் 13

தம்பியின் கேள்வி: "கைடு எதுக்குக்கா? வாசல் வரைக்கும் ரோடு இருக்கு. கிராம்பானை வாடகைக்கு எடுத்து நாமே நடந்தா என்ன?" கிராம்பான் என்பது பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் முள் சட்டம்.

தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பனியாறு சும்மா படுத்திருக்கும் சாம்பல் நிறச் சரிவு மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அது தன் எடையாலேயே கீழ்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அடித்தளம் மேடுபள்ளமாக இருக்கும் இடத்தில் மேற்பரப்பு இழுபட்டுப் பிளக்கிறது. உருகிய நீர் சுழன்று துளைத்துச் செங்குத்தான குழிகளை உண்டாக்குகிறது. மூலான் என்பார்கள், விழுந்தால் திரும்ப வழியில்லை. போன வாரம் கைடு வெட்டிய படி இந்த வாரம் இருக்காது. கோடையில் கைடுகள் காலையில் முதல் வேலையாகக் கோடரியால் படிகளைச் சீர்செய்கிறார்கள். அங்கே வழி என்பது அன்றன்றைக்குப் போடுவது.

அப்படியானால் கயிறு கட்டி நடப்பார்களா என்று பார்த்தேன். கைடு அழைத்துப்போகும் இந்தச் சுற்றுகளில் பெரும்பாலும் இல்லை. உயரத்தில், பிளவுகளைப் புதுப்பனி மூடியிருக்கும் இடங்களில்தான் ஒருவரோடொருவர் கயிற்றில் பிணைந்து போவார்கள். பனி மூடாத கீழ்ப்பகுதியில் பிளவு கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒருவர் சறுக்கினால் கயிறு மற்றவர்களையும் சேர்த்து இழுத்துவிடும். ஆனாலும் ஹார்னஸை, அதாவது இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டையை, மாட்டிவிடுவது உண்டு. யாராவது மாட்டிக்கொண்டால் தூக்கியெடுக்க உதவும்.

தம்பி, "சரி, கைடு வேணும்" என்றான். மூலான் படம் ஒன்றை அனுப்பியதும் வந்த பதில் அது.

மே 4

இரண்டு நாளாகப் பயணக் குறிப்புகளாகப் படிக்கிறேன். ஒருவர் வண்டியை விட்டு இறங்கியதும் பனி என்கிறார். இன்னொருவர் பத்து நிமிட நடை, வேறொருவர் அரை மணி நேரக் கல்மேடு என்கிறார். யார் பொய் சொல்கிறார்கள் என்று குழம்பி, அப்புறம்தான் ஒவ்வொன்றும் எழுதப்பட்ட ஆண்டைப் பார்த்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. பனிதான் பின்வாங்கிக்கொண்டே போயிருக்கிறது.

அப்பாவுக்கு இந்த இடத்தில் ஆர்வம் பற்றிக்கொண்டது. சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பனியாற்றின் விளிம்பு எங்கே என்று யார் அளக்கிறார்கள், எந்தப் புள்ளியிலிருந்து என்றெல்லாம் கேட்டார். தேடிச் சொன்னேன். 1930களிலிருந்தே அளவு இருக்கிறது. சுமார் 1970 முதல் 1995 வரை இந்தப் பனியாறு முன்னேறிக்கூட வந்திருக்கிறது. அதன்பின் ஒரே பின்வாங்கல்தான். அருகிலுள்ள க்வோல்ஸ்வோட்லூர் ஊரின் பள்ளிப் பிள்ளைகள் 2010 முதல் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் வந்து அளக்கிறார்கள். விளிம்புக்கு முன்னால் உருகிய நீர் தேங்கி ஏரியாகிவிட்டதால் இப்போது அளக்கப் படகு தேவைப்படுகிறது.

"டேப் பிடிச்சு அளக்க ஆரம்பிச்ச பசங்க படகுல போய் அளக்கறாங்களா!" என்று அப்பா வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு இதிலிருந்து நடைமுறை முடிவு ஒன்று: பழைய குறிப்பில் உள்ள நேரக் கணக்கு எதையும் நம்பக்கூடாது. பனியாற்று நடையை நடத்தும் நிறுவனத்திடமே கேட்டுவிட வேண்டியதுதான்.

மே 11

கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. மூன்று மணி நேரச் சுற்று என்று விளம்பரத்தில் இருந்தாலும் பனியின் மேல் இருப்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. மீதி நேரம் கருவிகளை மாட்டுவது, கல்மேட்டில் ஏறி இறங்குவது, திரும்புவது. ஐந்து மணி நேரச் சுற்றில் இன்னும் மேலே, பிளவுகள் நெருக்கமாக இருக்கும் இடம் வரை போகிறார்கள். ஒரு கைடுக்கு அதிகபட்சம் 12 பேர்.

அப்பாவின் முழங்காலைப் பற்றியும் எழுதியிருந்தேன். பதில் எழுதியவர் விஷயம் தெரிந்தவர். பனியைவிட அதற்கு முன் வரும் தளர்ந்த கல்பாதைதான் முழங்காலைப் பதம் பார்க்கும், அதிலும் இறங்கும்போது, என்றார். வீட்டில் படியில் ஏறிப் பார்க்காதீர்கள், முக்கால் மணி நேரம் சரளைச் சரிவில் இறங்கிப் பாருங்கள் என்று யோசனை. நடைக்குச்சி கொண்டுவரலாமாம்.

மூன்று மணி நேரச் சுற்றைப் பதிவு செய்தேன். தம்பிக்கு ஐந்து மணி நேரம் போக ஆசை. போகட்டும், தனியாக.

ஒன்றைக் கவனித்துச் செய்தேன். நடையைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்கவில்லை. வானிலை கெட்டால் தள்ளிப்போட இரண்டு நாள் கையில் இருக்கிறது. அந்த இரண்டு நாளிலும் ரத்து செய்ய முடியாத எதையும் பதிவு செய்யாதே என்று தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 22

பூட்ஸ். கணுக்காலை மூடவேண்டும், அடிப்பகுதி விறைப்பாக இருக்கவேண்டும். இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்தேன். ஓட்டப்பந்தய ஷூ மாதிரி நடுவில் மடிந்தால் கிராம்பான் நடக்க நடக்கக் கழன்றுகொள்ளும். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் ஊரான் பூட்ஸில் கல்மேடு ஏறி விரலில் கொப்புளம் வாங்க அப்பா தயாரில்லை. புதிதாக வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறார். டொக் டொக் என்று காலை ஐந்து மணிக்கு.

ஆகஸ்ட் 17

தம்பி நீலப் பனிக்குகைப் படங்களை அனுப்புகிறான். இதுவும் சேர்த்துப் போனால் என்ன என்கிறான். வேண்டாம் என்றேன். 2024 ஆகஸ்ட் 25இல் பிரெய்தாமெர்குர்யோகுல் என்ற பனியாற்றில் பனி இடிந்து விழுந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். கைடோடு போன குழுதான். குகைகள் உருகும் நீர் குடைந்தவை. வெப்பமான மாதங்களில் கூரை மெலிந்துகொண்டே வரும். குளிர்காலத்தில் போவது வேறு கதை. வெட்டவெளியில் நடப்பதற்கும் கூரைக்கு அடியில் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நீலம் பார்க்கவேண்டும் என்றால் மழைக்கு வேண்டிக்கொள் என்றேன். வெயில் பட்ட மேற்பரப்பு நொறுங்கிக் காற்றுக்குமிழ்கள் நிறைந்து வெள்ளையாகத் தெரியும். மழை அந்த மேல்தோலைக் கழுவிவிட்டால் அடியிலுள்ள கெட்டிப் பனி நீலமாகத் தெரியும். பனிக்கட்டி சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சிக்கொள்வதால் வரும் நீலம் அது.

செப்டம்பர் 7

பெட்டி கட்டுகிறோம். ஜீன்ஸ் கூடவே கூடாது. பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை எடுத்துவிடும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ், வெளியே மழை புகாத ஜாக்கெட், பேண்ட். பேண்டின் கால் அகலமாக இருந்தால் கிராம்பானின் முள் மாட்டிக் கவிழ்க்கும், அதனால் பேண்டின் காலைச் சாக்ஸோடு சேர்த்துக் கட்ட ஒரு பட்டை. கையுறை குளிருக்கு மட்டும் இல்லை. விழுந்தால் முதலில் கைதான் ஊன்றும், அந்தப் பனிப்பரப்பு உடைந்த கண்ணாடி மாதிரி கீறும்.

கைப்பேசியில் ஐஸ்லாந்தின் 112 அவசரச் செயலியை ஏற்றிவிட்டேன். வானிலைத் துறையின் பக்கத்தையும், சாலை நிலவரப் பக்கத்தையும் முகப்பில் வைத்தாயிற்று.

செப்டம்பர் 14, ரெய்க்யாவிக்

நாளை நடை. மதியம் தெற்குப் பகுதிக்கு மஞ்சள் எச்சரிக்கை, காற்று. மாலை நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல்: நாளைய சுற்றுகள் இல்லை, நாளை மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம், இல்லையென்றால் பணம் வாபஸ். இரண்டே நிமிடத்தில் மாற்றிவிட்டேன். விடுதியின் வரவேற்பறையில் ஒரு தம்பதி நாளை மறுநாள் விமானம் என்று அதே மின்னஞ்சலோடு உட்கார்ந்திருந்தார்கள். பாவமாக இருந்தது.

தம்பிக்கு ஒரே எச்சரிக்கை: கார்க் கதவைத் திறக்கும்போது கையை எடுக்காதே. காற்று கதவைப் பின்பக்கமாக மடக்கிவிடும். அந்தச் சேதத்தை வாடகைக் காரின் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது.

செப்டம்பர் 16, ஸ்கோகர்

போய் வந்தாயிற்று.

வாகன நிறுத்தத்திலேயே ஹெல்மெட், ஹார்னஸ், கோடரி கொடுத்தார்கள். கிராம்பானைப் பூட்ஸுக்கு அளந்து சரிசெய்து கையில் கொடுத்துவிட்டார் கைடு. மாட்டுவது பனி விளிம்பில்தான். ஏரியைச் சுற்றிக் கல்மேட்டுப் பாதை. காற்றில் லேசாகக் கந்தக வாடை. இங்கிருந்து ஓடும் ஆற்றுக்கு 'நாற்ற ஆறு' என்றே பழைய பெயர் உண்டாம். கட்லா உயிரோடு இருப்பதன் அடையாளம்.

விளிம்பில் நடை வகுப்பு. கால்களைச் சற்று அகட்டி வை, பாதம் முழுவதும் படும்படி ஓங்கி மிதி, பக்கவாட்டில் திரும்பாதே. அப்பா பூட்ஸ் சத்தத்தில் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

நான் எதிர்பார்க்காதது அந்தக் கறுப்பு. பனி முழுக்கச் சாம்பல். எரிமலைச் சாம்பல் மெல்லிய படலமாகப் படிந்தால் வெயிலை உறிஞ்சிப் பனியை வேகமாக உருக்கும். சில சென்டிமீட்டர் தடிமன் ஆகிவிட்டால் போர்வையாகி உருகாமல் காக்கும். அதனால் சாம்பல் குவிந்த இடங்களைச் சுற்றிலும் உருகி இறங்க, அவை மட்டும் கறுப்புக் கூம்புகளாக நிற்கின்றன. கைடு கோடரி முனையால் ஒரு கூம்பைச் சுரண்டினார். விரல் அளவு சாம்பல். அதற்கு அடியில் முழுக்கப் பளிங்குப் பனி. அப்பா கையுறையைக் கழற்றிவிட்டு அந்தச் சாம்பலைத் தேய்த்துப் பார்த்தார். "இது எந்த வருஷத்துச் சாம்பல்?" என்று கேட்டார். 2010இல் ஏயாஃப்யாட்லயோகுல் எரிமலை கக்கியதும் இருக்கும், 1918 கட்லாவும் இருக்கும் என்றார் கைடு.

ஒரு மூலானின் அருகில் கைடு பிடிமானத்துக்குப் பனித் திருகு ஒன்றைத் திருகி இறக்கி, ஒவ்வொருவரையும் ஹார்னஸில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க வைத்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, அடி தெரியவில்லை. தம்பி ஐந்து மணி நேரச் சுற்றில் மேலே இருந்தான். இல்லையென்றால் ஏப்ரலில் கேட்ட கேள்வியை நினைவுபடுத்தியிருப்பேன்.

இறங்கும்போதுதான், சொன்னபடியே, முழங்கால். கல்மேட்டில் அப்பா குச்சியை ஊன்றி மெதுவாக வந்தார்; கைடு குழுவையே அவர் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்தி அழைத்துவந்தார். பள்ளிப் பிள்ளைகளின் அளவுகளைப் பற்றி அப்பா தொடங்கியதும் இருவரும் மற்றவர்களை மறந்துவிட்டார்கள். விளிம்பு போன ஆண்டு எங்கே இருந்தது என்று கைடு ஏரியின் நடுவே கை காட்டினார். அப்பா ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டித் தூரத்தைக் கணக்குப் போட்டார்.

நாளை ஸ்கோகாஃபாஸ் அருவி. 60 மீட்டர் உயரம். பக்கத்திலேயே மேலே ஏற ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. தம்பியும் நானும் ஏறுகிறோம். அப்பா கீழேயே இருந்து படம் எடுத்துத் தருவாராம்.