பிரஷர் பார்க்கும் அறையிலிருந்து

கண் மருத்துவமனையில் கண் அழுத்தம் பார்ப்பது என் வேலை. உள்ளே வரும் பலர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உட்காருவார்கள். "கையில இல்லைங்க ஐயா, இது கண்ணுக்குள்ள இருக்கிற பிரஷர்" என்று சொல்லித்தான் தொடங்குவேன்.

கருவிழிக்கும் (கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிவான படலம், கார்னியா) லென்ஸுக்கும் ரத்தக் குழாய்கள் கிடையாது. இருந்தால் ஒளி தெளிவாகப் போகாது. அவற்றுக்குச் சத்தைக் கொண்டுசேர்ப்பது அக்வஸ் ஹியூமர் என்னும் தெளிந்த நீர். அழும்போது வழிகிற கண்ணீர் வேறு, இது வேறு. கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸுக்குப் பின்னால் உள்ள சிலியரி பாடி என்னும் திசு இதை நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வரை சுரந்துகொண்டே இருக்கும். அது கண்மணி வழியாக முன்பக்கம் வந்து, ஐரிஸும் கருவிழியும் சேரும் கோணத்தில் உள்ள சல்லடை போன்ற திசுவில் வடிந்து, ஷ்லெம் கால்வாய் வழியே ரத்தத்தில் கலக்கும். சுரப்பதும் வடிவதும் சமமாக இருந்தால் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் நிற்கும். அது ஏறினால், பெரும்பாலும் நீர் அதிகமாகச் சுரந்ததால் அல்ல, வடியும் வழி தடைபட்டதால்தான்.

மரத்துப்போகும் மருந்தும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல ஒளியில் அழுத்தம் அளக்கும் கருவியான கோல்ட்மான் டோனோமீட்டரின் முனையைக் கருவிழியில் வைக்கும்போது இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் தொடும்வரை திருகைத் திருப்பினால் அளவு கிடைத்துவிடும். அந்த அரைவட்டங்கள் இதயத் துடிப்புக்கு ஏற்ப லேசாக அசையும். இத்தனை நாள் பார்த்தும் அது எனக்கு அலுக்கவில்லை. பயத்தில் மூச்சை அடக்கினாலே அளவு ஏறிவிடும். "சாதாரணமா மூச்சு விடுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ஒரே ஒரு எண்ணைக் கேட்டு நிம்மதி அடைவதும் தவறு, நடுங்குவதும் தவறு. கருவிழி தடிமனாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், மெலிந்திருந்தால் குறைத்துக் காட்டும். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் வரும். 21க்குள் இருந்தும் பார்வை நரம்பு பழுதானவர்கள் உண்டு. அதனால் நரம்பையும் பார்வைப் பரப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர், பார்வை நரம்பைப் பழுதாக்கும் நோயான கிளாக்கோமாவா என்று முடிவு சொல்வார்.

எனக்கு மனசு கஷ்டப்படுவது சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான். "வலியும் இல்ல, பார்வையும் நல்லா இருக்கு தம்பி, அதான் விட்டுட்டேன்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. திடீரென்று கோணம் அடைபட்டால் கடும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வளையம் எல்லாம் வரும், உடனே ஓடிவருவார்கள். ஆனால் மெதுவாக ஏறும் அழுத்தம் ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்னும். போன பார்வை திரும்பாது. இந்தச் சொட்டு மருந்துகளில் டிமோலால் நீர் சுரப்பதைக் குறைக்கும், லட்டனோபிராஸ்ட் அது வெளியேற வேறொரு வழியை எளிதாக்கும். போட்டுக்கொண்டே இருந்தால்தான் வேலை செய்யும்.

இன்னொன்று, அரிப்புக்கென்று கடையில் தாங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவது. சிலருக்கு அது அந்தச் சல்லடையையே அடைத்துவிடுகிறது, சின்ன வயசுக்காரர்களுக்கும்கூட. அதனால் அழுத்தம் பார்ப்பதற்கு முன்பே, வீட்டில் என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டு, பாட்டிலைக் கையில் வாங்கிப் பெயரைப் படித்துவிடுகிறேன்.