கையில் எவ்வளவு வரும்?

ஜூன் 3, 2024, திங்கள்

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர்களுக்கு ஒரு வருட டிரெய்னி வேலை. "மாதம் ரூ. 22,000" என்று இன்று விளம்பரம் போனது. எழுதியது நான்தான். அம்பத்தூரில் எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள், குறைத்துப் போட்டால் யார் வருவார்கள் என்றார் முதலாளி. நானும் சரி என்றுவிட்டேன்.

ஜூன் 8, சனி

முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். செய்யாறு பக்கத்துப் பையன் ஒருவன், அப்பாவோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான். மஞ்சள்பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மார்க் ஷீட்டுகள். நன்றாகப் பதில் சொன்னான், எடுத்துக்கொண்டோம். அப்பா ஒன்றுதான் கேட்டார்: "பிடித்தம் போக கையில எவ்ளோம்மா வரும்?"

பேப்பரில் எழுதிக் காட்டினேன். மொத்தச் சம்பளம் 18,000. கம்பெனி கட்டும் பிஎஃப் 1,200, இஎஸ்ஐ 585, வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டிக்கு 481, கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் 1,734. இதெல்லாம் சேர்ந்துதான் 22,000. பையன் பங்குக்கு பிஎஃப் 1,200, இஎஸ்ஐ 135 போனால் கையில் 16,665.

இப்போது (2024) இருக்கும் சட்டப்படி கிராஜுவிட்டி வாங்க ஐந்து வருடம் வேலை பார்க்க வேண்டும். இவனுக்கோ ஒரே வருடம். அந்த 481 அவன் கண்ணிலேயே படாத பணம். அதையும் சம்பளம் என்று போட்டிருக்கிறேன். இது ஏமாற்று வேலை, வேறு பெயர் இல்லை.

அவர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இருபத்திரண்டுன்னு நம்பி இங்க பக்கத்துல பாடியில ரூமுக்கு ஐயாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டோம்மா." பையன் தலையே நிமிரவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

முதலாளியிடம் வருகைப் பதிவேட்டைக் காட்டினேன். போன வருடம் சேர்ந்த பன்னிரண்டு பேரில் ஏழு பேர் முதல் சம்பளம் வாங்கியதும் நின்றுவிட்டார்கள். மிஷினில் பழக்கிவிட்ட சூப்பர்வைசர்தான் பாவம், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒரு தடவை விளம்பரத்தை உன் இஷ்டப்படி போட்டுப் பார் என்றார் முதலாளி.

ஜூன் 13, வியாழன்

புது விளம்பரம்: "பிடித்தம் போக கையில் ரூ. 16,665. வாரம் விட்டு வாரம் நைட் ஷிஃப்ட். நாள் முழுக்க நின்றபடி வேலை. அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம்."

சான்றிதழ் வரிக்காக அரைமணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. வாங்கி வைத்துக்கொண்டால்தான் ஓட மாட்டார்கள் என்பது இங்கே பலருடைய எண்ணம்.

ஜூன் 22, சனி

ஒன்பது பேர்தான். மிஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரைப் பார்த்ததும் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மற்ற ஏழு பேரும் ஷிஃப்ட் நேரம், ஹாஸ்டல் பற்றித்தான் கேட்டார்கள்.

சாயங்காலம் செய்யாறுக்கு போன் போட்டேன். அப்பாதான் பேசினார். பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டானாம். "கையில பதினஞ்சுதாம்மா. ஆனா மொதல்லயே சொல்லிட்டாங்க."

ரூம் அட்வான்ஸ் திரும்பி வந்ததா என்று கேட்டேன். இன்னும் வரவில்லை என்றார்.