87 நாள் ஆண்டவரின் வெள்ளி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன் எந்த வெள்ளியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "என்ன டச்?" என்றுதான், அதாவது அதில் சுத்த வெள்ளி எத்தனை சதவீதம் என்று. ரோமானியக் காசுகளையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அதனாலேயே கொஞ்ச நாள் மட்டும் ஆண்ட பேரரசர்கள் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு. கஜானா காலி, வாசலில் சம்பளம் கேட்கும் படை. அந்த நெருக்கடியில் ஒருவர் வெள்ளியில் கை வைக்கிறாரா இல்லையா என்பது காசிலேயே தெரிந்துவிடும்.

ரோமானியப் பேரரசர் பெர்டினாக்ஸ் கை வைக்கவில்லை. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரின் மகன், ஒரு காலத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கி.பி. 193 ஜனவரி 1 அன்று அரியணை ஏறியவர், முன்பு ஆண்ட கொமோடுஸின் ஆடம்பரப் பொருட்களை ஏலம் விட்டுப் பணம் திரட்டினார். ரோமானிய வெள்ளிக் காசான டெனாரியஸின் டச்சைக் குறைக்காமல் உயர்த்தினார்! 87 நாளில் மெய்க்காவல் படையினரே அரண்மனைக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரியும். அந்தப் படை அரியணையையே ஏலம் விட்டது. பெர்டினாக்ஸின் மாமனார் முகாமுக்கு உள்ளே நின்று ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) என்றார். வெளியே மதிலருகே நின்ற டிடியுஸ் ஜூலியானுஸ் 25,000 என்று சொல்லி வென்றார். அவர் காசில் டச் இறங்கியது. பின்பக்கத்தில் 'படைகளின் ஒற்றுமை' என்று பொறித்தார். 66 நாளில் அவரும் போனார்.

என்னிடம் உள்ள பெர்டினாக்ஸ் காசு தேய்ந்தது. நீண்ட தாடி தெரிகிறது; பின்பக்கம் வானத்தை நோக்கிக் கை உயர்த்திய தேவதை. உரைகல்லில் ஒரு கோடு இழுத்தால் டச் தெரிந்துவிடும், மனம் வரவில்லை. பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கும். விரலால் அழுத்தவே யோசிப்பேன்.

நம் கொங்கு மண்ணில் ரோமானிய வெள்ளி நிறையவே கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள். கி.பி. 64-ல் நீரோ எடையையும் டச்சையும் குறைத்த பிறகு வந்த வெள்ளிக் காசுகள் இங்கே அரிது. மட்ட வெள்ளியை நம் வணிகர்கள் ஏற்கவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் பலர் சொல்லும் காரணம். வெள்ளித் தொழில் செய்யும் எனக்கு அது உடனே விளங்குகிறது.

அடுத்து பேரரசர் ஓதோவின் காசு வேண்டும். கி.பி. 69-ல் மூன்றே மாதம் ஆண்டவர், விலை அதிகம். தீபாவளி ஆர்டர் முடியட்டும், பார்க்கலாம்.