வியட்நாம் நெத்திலியும் நம் கரையும்

வியட்நாம் போய்வந்தேன் என்றதும் இராமநாதபுரக் கரையிலுள்ள மண்டபம் ஊர் நண்பர்கள் முதலில் கேட்டவை ஹா லாங் விரிகுடாவின் படங்கள். கடலுக்குள்ளிருந்து சுண்ணாம்புப் பாறைகள் எழுந்து நிற்கும் அந்தக் காட்சியை அவர்கள் விரைவிலேயே பார்த்து முடித்துவிட்டார்கள். கீழக்கரை நண்பருக்கு மட்டும், சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசலின் படம் பிடித்துப்போயிற்று. மற்றவர்களுக்கு அந்நாட்டுக் கடற்கரை மக்கள் எப்படித் தொழில் செய்கிறார்கள் என்பதே தெரிய வேண்டியிருந்தது. எனக்கும் சொல்ல வேண்டியிருந்தது அதுதான்.

முய் நே கரையில் வட்டமான கூடைப் படகுகள் வரிசையாகக் கிடக்கும். மூங்கிலைப் பிளந்து நெருக்கமாக முடைந்து, நீர் புகாதபடி மரப்பிசின் பூசியவை அவை. இப்போது ஃபைபரிலும் வார்க்கிறார்கள். ஒகேனக்கல் பரிசலைப் போன்ற வடிவம்தான் என்றாலும், இவை கடலலையில் ஓடுகின்றன; நங்கூரமிட்டு நிற்கும் பெரிய படகுக்குப் போகவும், பிடித்த மீனைக் கரை சேர்க்கவும் பயன்படுகின்றன. "அணியமே இல்லாத வள்ளத்தை எப்படித் திருப்புவான்?" என்று ஒருவர் கேட்டார். அணியம் என்பது படகின் முன்முனை. துடுப்புப் போடுபவர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அதுவே முன்பக்கம், அங்கிருந்தபடி துடுப்பை இடமும் வலமும் அலைத்துப் படகைத் தம் பக்கம் இழுக்கிறார் என்று கையால் செய்து காட்டினேன்.

ஆனால் நெடுநேரம் பேசியது ஃபு குவோக் தீவின் மீன்சாறு பற்றித்தான். நுவோக் மாம் என்னும் அந்தச் சாறு இல்லாமல் வியட்நாமியச் சமையலறை இல்லை. அதற்கு வேண்டியவை நெத்திலியும் உப்பும் மட்டுமே. ஏறத்தாழ மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில், வலையிலிருந்து எடுத்த கையோடு படகிலேயே கலந்துவிடுகிறார்கள். கரைக்கு வந்ததும் ஆளுயரத்துக்கும் மேலான மரப்பீப்பாய்களில் நிரப்பி, மேலே பாரம் ஏற்றி, ஓர் ஆண்டு அளவுக்கு விட்டுவிடுகிறார்கள். உப்பு மீனைக் கெடாமல் காக்க, மீனின் குடலிலுள்ள நொதிகள் சதையை மெல்லக் கரைக்கின்றன. அடியிலிருக்கும் குழாயில் முதலில் வடிப்பதே உயர்ந்த சாறு; பிறகு உப்புநீர் ஊற்றி வடிப்பவை அடுத்தடுத்த தரத்தவை. சாற்றில் கரைந்த புரதத்தைக் காட்டும் நைட்ரஜன் அளவைக் கொண்டு தரத்தைக் கணக்கிட்டு அதைச் சீட்டிலும் அச்சிடுகிறார்கள். 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபு குவோக் என்ற பெயருக்கே பாதுகாப்பு அளித்தது. பீப்பாய்கள் நிற்கும் கொட்டகைக்குள் நம் கருவாட்டுக் கிட்டங்கியின் வாடைதான் வீசியது. கரண்டியில் தந்த சாறு செம்பழுப்பு நிறத்தில் தெளிந்திருந்தது. நாவில் முதலில் உப்பு கரித்தது, அது அடங்கியதும் ஓர் இனிப்பு தங்கியது.

இதை நான் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் கரையில் நெத்திலி ஏராளமாகப் படும் நாட்களில் விலை சரிந்துவிடுகிறது. மணலில் காயப்போட்ட மீன் மழையில் நனைந்தால் கோழித் தீவனத்துக்குத்தான் போகும். காயவைத்து எடுக்கும் பெண்களின் உழைப்புக்குக் கூலிகூடத் தேறாது. உப்புக்கு வாலிநோக்கம் உப்பளம் இருக்கிறது, வெயிலுக்கு இராமநாதபுரத்தில் குறைவில்லை. சென்னை உணவகங்களோ இதே சாற்றை வெளிநாட்டிலிருந்து வந்த புட்டிகளில் வாங்குகின்றன.

"வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன் ஒரு வருஷம் மீனைப் பூட்டி வைக்க முடியுமா அண்ணே?" என்றார் நாட்டுப்படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர். நியாயமான கேள்வி. தனி ஆளால் முடியாது. பெண்களின் சுய உதவிக் குழுவோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ, விலை விழும் நாட்களின் மீனில் ஒரு பகுதியை மட்டும் ஒதுக்கிச் சிறிய பீப்பாய்களில் தொடங்கினால், அன்றாட வருமானத்தில் கை வைக்க வேண்டியிருக்காது என்பது என் எண்ணம். எதையும் தொடங்குமுன், மண்டபத்திலேயே இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் உப்பின் அளவையும் சுத்தம் பேணும் முறையையும் விசாரித்துவிட வேண்டும் என்று அவரே சொன்னார். அடுத்த வாரம் இருவரும் போவதாக இருக்கிறோம்.